இலாகா இல்லாத மந்திரி

பக்கத்து வீட்டு மாமி பத்திரிகை படிப்பதில் ஒரு கிரமம் உண்டு. முதலில் காலமானவர்கள் பத்தி, அப்புறம் கல்யாண விளம்பரம், அதற்கப்புறம் தங்கத்தின் விலை. எல்லாம் ஆன பிறகு, காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் அரசியலுக்கு வருவாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டத்தில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"ஏண்டாப்பா, நீதான் பத்திரிகைக்காரனாச்சே. இலாகா இல்லாத மந்திரின்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன?"

"மாமி, ஒரு வீட்டுக்கு மருமகள் வருகிறாள். ஆரத்தி எடுத்து, மணையில் உட்கார வைத்து, 'இனிமேல் இந்த வீடு உன் வீடு' என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் பீரோச் சாவியும் உக்கிராண அறைச் சாவியும் மாமியார் இடுப்பிலேயே இருக்கின்றன. அந்த மருமகளுக்கு என்ன பெயர்?"

மாமியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. "என் வீட்டு விஷயத்தை எதுக்கு இழுக்கறே? கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றாள்.

பதில் அதுதான். ஆனால் அந்தப் பதிலோடு எனக்கு ஓர் அம்மாளின் ஞாபகமும் வந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதன்முதலாக மந்திரிசபையில் இடம் பெற்ற பெண்மணி அவர். வருஷம் 1921. லண்டனில் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு அம்மாள் மந்திரியானது 1929-ல்தான். அதற்கு எட்டு வருஷம் முன்னால், கானடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இது நடந்துவிட்டது. (அயர்லாந்தில் 1919-லேயே மார்க்கியவிச் சீமாட்டி தொழில் மந்திரியாக இருந்தாரே என்று கெட்டிக்கார வாசகிகள் கேட்கலாம். அது சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவர்களின் சர்க்கார். அதைச் சாம்ராஜ்யத்தின் கணக்கில் சேர்த்தால் அந்தச் சீமாட்டிக்கே கோபம் வந்திருக்கும்.) கானடாவில் மந்திரியான அந்த அம்மாளின் பெயர் மேரி எல்லன் ஸ்மித். அவருக்குக் கிடைத்த மந்திரி பதவி சாவி இல்லாத மருமகள் பதவிதான். எட்டு மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

மேரி எல்லன் 1863-ம் வருஷம் இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவில் டாவிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. 1883-ல் கலியாணம். மாப்பிள்ளை ரால்ஃப் ஸ்மித்தும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். அவருக்கு உடம்பு சரியில்லை, வேறு சீதோஷ்ணம் வேண்டும் என்று 1890-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு கப்பலேறிக் கானடாவுக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் வான்கூவர் தீவில் உள்ள நனைமோ. அதுவும் நிலக்கரி ஊர்தான்!

நனைமோவைப் பற்றி இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் தேவைப்படும். ஸ்மித் தம்பதிகள் அங்கே போவதற்குச் சில வருஷங்கள் முன்னால், 1887 மே 3-ம் தேதி, அந்த ஊர்ச் சுரங்கத்தில் பயங்கர வெடி விபத்து. சுமார் 150 பேர் மாண்டார்கள். ஊரில் விதவை இல்லாத தெரு இல்லை என்று ஆயிற்று. இறந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சீனத் தொழிலாளிகள். சர்க்கார் அறிக்கையில் வெள்ளைக்காரத் தொழிலாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. சீனர்களின் பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான். சுரங்கத்தில் அவர்களுக்குக் கொடுத்திருந்த வில்லையில் என்ன எண்ணோ, அதுவே சாவுக் குறிப்பிலும். பெற்றவள் வைத்த பெயர் அந்தக் காகிதத்துக்கு ஏறவில்லை.

ரால்ஃப் ஸ்மித் நன்றாகப் பேசக்கூடியவர். தொழிலாளர் சங்கத்தில் முன்னுக்கு வந்தார். 1898-ல் மாகாணச் சட்டசபை. 1900-ல் ஆட்டவா பார்லிமெண்டு. 1911 வரையில் அங்கே அங்கத்தினர். அந்த வருஷத் தேர்தலில் தோற்று, வான்கூவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, 1916-ல் மறுபடியும் மாகாணச் சட்டசபைக்கு வந்து நிதி மந்திரியானார். 1917 பிப்ரவரியில் இறந்துபோனார்.

இப்படி இருபது வருஷம் தேர்தலும் கூட்டமுமாக ஓடிய வீட்டில் மனைவியின் வேலை என்னவென்று நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது ஒன்று. யார் நிஜமாகவே ஓட்டுப் போடுவார்கள், யார் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. மேரி எல்லன் அம்மாள் இதற்கு மேலும் செய்தார். புருஷனுக்காக மேடையேறிப் பேசினார். மாதர் சங்கங்களில் உழைத்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற கிளர்ச்சியில் சேர்ந்தார். ரால்ஃப் ஸ்மித் ஜெயித்த தேர்தல்களில் பாதி அந்த அம்மாளுடையது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் இருக்க முடியாது. பெயர் என்ன, அவருக்கே ஓட்டு இல்லை!

பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1916 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். யாரிடம்? ஆண்களிடம். ஆண்கள் 'தரலாம்' என்றார்கள். 1917 ஏப்ரலில் சட்டம் வந்தது. ரால்ஃப் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

காலியான அந்த ஸ்தானத்துக்கு 1918 ஜனவரி 24-ம் தேதி உபதேர்தல். மேரி எல்லன் அம்மாள் நின்றார். கட்சி அபேட்சகராக அல்ல, சுயேச்சையாக. அவருடைய கோஷம் 'பெண்டு பிள்ளைகள் முதலில்!'. கப்பல் முழுகும்போது மாலுமிகள் சொல்லும் வாக்கியம் அது. 'டைட்டானிக்' கப்பல் முழுகி ஆறு வருஷம்கூட ஆகாத காலம். எல்லார் காதிலும் அந்த வார்த்தை இருந்தது. கரையிலும் அதே நியாயம் வேண்டும் என்றார் அந்த அம்மாள். தாராளமான வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரிட்டிஷ் கொலம்பியாச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினர்.

'அனுதாப ஓட்டு' என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். கணவன் இருந்த நாற்காலியில் மனைவியை உட்கார வைப்பது நமக்கும் தெரியாத சங்கதி அல்ல. முதல் தேர்தலில் அனுதாபம் உதவியிருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அனுதாபத்துக்கு ஆயுசு குறைவு. பதின்மூன்றாம் நாளோடு பாதி தீர்ந்துவிடும். 1920 டிசம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. இம்முறை லிபரல் கட்சியின் அபேட்சகராக நின்றார். வான்கூவர் நகரம் முழுவதும் ஒரே தொகுதி. ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டு எண்ணிப் பார்த்தபோது அத்தனை ஆண்களையும் தாண்டி முதலிடத்தில் நின்றவர் இந்த விதவை அம்மாள்தான். ரால்ஃப் இறந்து அப்போது கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் அவர் என்ன செய்தார்? இரண்டு சட்டங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1918-ல் வந்த பெண்களின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். கடையில் நின்று துணி விற்கிற பெண், சலவைச் சாலையில் ஆவியில் வேகிற பெண், தொழிற்சாலையில் டப்பா அடைக்கிற பெண் இவர்களுக்கெல்லாம் முதலாளி கொடுத்ததுதான் கூலியாக இருந்தது. 'வீட்டில் அப்பா சம்பாதிக்கிறார், இவளுக்கு ரிப்பன் வாங்கக் காசு போதாதா?' என்பது முதலாளிகளின் கட்சி. ஒரு பெண் தன் சம்பாத்தியத்தில் தானே வாடகை கொடுத்து, சாப்பிட்டு, செருப்பு வாங்கி வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, தொழிலுக்குத் தொழில் கூலி நிர்ணயிக்க ஒரு குழுவை இந்தச் சட்டம் ஏற்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் அதில் ஓட்டை இருந்தது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கும், பழம் பறிக்கிற பெண்களுக்கும், வீட்டு வேலைக்காரிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டு வேலைக்காரியை ஏன் விட்டார்கள்? அநேக சட்டசபை அங்கத்தினர்களின் வீட்டில் ஒரு வேலைக்காரி இருந்திருப்பாள் என்பது என் ஊகம். இந்த இடத்தில் நாமும் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மேலே போவது நல்லது.

இரண்டாவது, 1920-ல் வந்த தாய்மார் உதவிப் பணச் சட்டம். புருஷனை இழந்து பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையோடு நிற்கும் தாய்க்கு மாதம் 42 டாலர் 50 சென்ட்; இன்னொரு குழந்தை இருந்தால் தலைக்கு 7 டாலர் 50 சென்ட் கூடுதல். கானடாவில் மானிடோபா மாகாணம் 1916-லேயே இப்படி ஒரு சட்டம் செய்துவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாச் சட்டத்தின் மனசு பெரிசு. விதவைக்கு மட்டும் இல்லை. புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனவளுக்கும், புருஷன் ஜெயிலில் இருக்கிறவளுக்கும், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்கும், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனின் மனைவிக்கும் வழி வைத்தது. புருஷன் செத்துப்போனவள்மீது ஊர் இரக்கப்படும். புருஷன் ஓடிப்போனவளை, 'இவள் என்ன செய்தாளோ?' என்றுதான் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பணத்தைக் கொடுக்கிற சட்டம் அது. சுரங்கத்து விதவைகளின் ஊரில் இருபது வருஷம் குடியிருந்த ஒருத்தி சட்டசபையில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இவ்வளவு ஓட்டு வாங்கி, இவ்வளவு வேலை செய்த அங்கத்தினரைச் சும்மா விட முடியுமா? பிரதம மந்திரி ஜான் ஆலிவர் ஒரு குடியானவர்; 'நாணயமான ஜான்' என்று பெயர் எடுத்தவர். 1921 மார்ச்சு 24-ம் தேதி மேரி எல்லன் அம்மாளை மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. சாம்ராஜ்யத்தில் முதல் பெண் மந்திரி! சரி, என்ன இலாகா? கல்வியா, சுகாதாரமா, தொழிலாளர் நலமா? ஒன்றும் இல்லை. மந்திரி, அவ்வளவுதான்.

இதில் உள்ள சங்கடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். இலாகா இல்லாததால் ஒரு குமாஸ்தாவுக்கு உத்தரவு போட முடியாது. ஒரு பைசா ஒதுக்க முடியாது. ஆனால் மந்திரிசபையில் உட்கார்ந்தாகிவிட்டது. ஆகையால் மற்ற மந்திரிகள் செய்வதற்கெல்லாம் இவரும் பொறுப்பு. சபையில் எழுந்து நின்று, 'இந்தக் காரியம் தப்பு' என்று சாதாரண அங்கத்தினராக இருந்தபோது சொல்லலாம். மந்திரியான பிறகு சொல்லக் கூடாது. கொடுத்தது ஒன்றும் இல்லை, வாங்கிக்கொண்டது வாயை!

நவம்பர் மாதம் ராஜிநாமா செய்தார். வண்டிக்கு ஐந்தாவது சக்கரமாக இருக்க விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமக்க முடியாது. தொகுதிக்காரர்களுக்குச் சுதந்திரமாகப் பேசுகிற அங்கத்தினராக இருப்பதே மேல் என்று தீர்மானித்தார்.

அதே 1921-ல், அடுத்த மாகாணமான ஆல்பர்ட்டாவில், ஐரீன் பார்ல்பி என்ற அம்மாளும் மந்திரியானார். அவருக்கும் இலாகா இல்லை. அவர் ராஜிநாமா செய்யவில்லை. 1935 வரையில் பதினாலு வருஷம் இலாகா இல்லாமலே இருந்தார். இரண்டு பேரில் யார் செய்தது சரி? எங்கள் ஆபீசில் இதைப் பற்றி ஒரு நாள் மத்தியானம் முழுவதும் சண்டை நடந்தது. 'சாவி கொடுக்காவிட்டாலும் வீட்டுக்குள் இருந்தால்தான் என்றைக்காவது சாவி எங்கே இருக்கிறதென்றாவது தெரியும்' என்றார் ஒருவர். எனக்கு மேரி எல்லன் அம்மாள் கட்சிதான். பதவி வந்தால் வாங்கிக்கொள்ள எல்லாருக்கும் தெரியும். 'இது பதவி இல்லை, பொம்மை' என்று கண்டுபிடித்து எட்டு மாதத்தில் திருப்பிக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும்.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். நான் இதை எழுத உட்கார்ந்தபோது அப்படி முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் 1924-ஐத் தாண்டாமல் இந்த அம்மாளின் தேர்தல் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஜூன் மாதம் பொதுத் தேர்தல். பிரதம மந்திரி ஆலிவரே தம் விக்டோரியாத் தொகுதியில் தோற்றுப்போனார். வேறு ஊரில் உபதேர்தலில் நின்று திரும்பி வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காற்றிலும் மேரி எல்லன் அம்மாள் ஜெயித்தார். தேர்தல் முடிந்த அடுத்த மாதம், ஜூலை 26-ம் தேதி, வான்கூவரின் பணக்காரப் பேட்டையில் ஒரு பங்களாவில், ஜேனட் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பெண் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்து கிடந்தாள். (நம் அம்மாளுக்கு உறவு இல்லை, பெயர் ஒற்றுமைதான்.) அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். இளம் பெண். அப்போது வீட்டில் இருந்த இன்னொரு வேலைக்காரன் வாங் ஃபூன் ஸிங் என்ற சீனப் பையன். தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை தீரவில்லை. ஆனால் ஊர் தீர்மானித்துவிட்டது. வேறு யார் செய்திருப்பார்கள், சீனன்தான்!

வான்கூவரில் வசதியுள்ள வீடுகளில் சீனச் சமையற்காரர்களும் வேலைக்காரப் பையன்களும் சாதாரணம். ஒரே வீட்டில் வெள்ளைக்காரப் பெண்ணும் ஆசியாக்காரனும் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் கொண்டுவர வேண்டும் என்று ஸ்காட்லாந்துச் சங்கங்கள் கிளர்ச்சி செய்தன. அந்த மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மேரி எல்லன் ஸ்மித் அம்மாள்.

அவர் தரப்பில் சொல்வதற்கு என்ன உண்டு? பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தார். அவருடைய ஓட்டர்கள் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த மாகாணத்தில் எல்லாக் கட்சியும் அப்படித்தான் பேசின. சுரங்கத்துக்குள் சீனர்களை விடக் கூடாது என்று ரால்ஃப் ஸ்மித்தின் சங்கத்தாரும் நெடுநாளாகக் கேட்டு வந்தவர்கள்தான். எல்லாம் உண்மை. ஆனால் ஜேனட் ஸ்மித்தைப் போன்ற பெண்ணுக்கு வேண்டியிருந்தது என்ன? வீட்டு வேலைக்காரிக்குக் குறைந்தபட்சக் கூலி. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வீட்டுக்காரனைப் பற்றிப் புகார் சொல்ல ஓர் இடம். 1918 சட்டத்தில் விட்டுப்போன அந்த ஓட்டையை அடைக்காமல், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இன்னோர் ஏழையை வெளியே தள்ளத் தைத்த மசோதா இது. அது சட்டமாகவில்லை. ஆனால் வந்த வரையில் அந்தப் பையன் பேரில் இருந்த சந்தேகத்துக்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிட்டது.

1925 மார்ச்சு மாதம் சிலர் முகமூடி அங்கி போட்டுக்கொண்டு வாங் ஃபூன் ஸிங்கைக் கடத்திக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் சங்கிலியால் கட்டிப் போட்டு, ஆறு வாரம் அடித்து, 'நான்தான் கொன்றேன்' என்று சொல்லச் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. மே முதல் தேதி தெருவில் விட்டார்கள். உடனே போலீஸ் அவனைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்தது! அப்புறம் விசாரணையில் வெளிவந்தது, கடத்தலில் போலீஸ் சம்பந்தப்பட்டவர்களுக்கே கை உண்டு என்று. அந்த அக்டோபரில், அவனை வழக்குக்கு உட்படுத்தவே சாட்சியம் போதாது என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள்.

'பெண்டு பிள்ளைகள் முதலில்' என்ற கோஷத்தை நினைத்துப் பாருங்கள். எந்தப் பெண்டு, எந்தப் பிள்ளை? இதைக் கேட்க நமக்கு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. 1917-ல் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த அதே மாகாணம், 1907-லேயே இந்தியர்களின் ஓட்டைப் பறித்துவிட்டது. சீக்கியராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் சட்டத்தில் எல்லாருக்கும் 'ஹிந்து' என்றுதான் பெயர். எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சீனர், ஜப்பானியர், அந்த மண்ணின் பூர்விகக் குடிகள் இவர்களுக்கும் இல்லை. 1914-ல் 'கோமகாட்டா மாரு' கப்பலில் வந்த 376 இந்தியர்களில் பெரும்பாலோரை இறங்க விடாமல் இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினது இந்த வான்கூவர் துறைமுகத்தில்தான். குடியேற்றச் சட்டம் ஆட்டவா சர்க்காருடையது, மாகாணத்துடையது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், அங்கே மரம் அறுக்கும் ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த சீக்கியர்கள் தங்கள் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ள முடியாமல் வருஷக்கணக்கில் தவித்தார்கள். 1912-ல் பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இருவரின் குடும்பங்களைத் துறைமுகத்தில் தடுத்து வைத்து, பெரிய வழக்குக்குப் பிறகு, 'போனால் போகிறது' என்று தயவு பண்ணி விட்டார்கள். எல்லா இந்தியருக்கும் மனைவி குழந்தைகளை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது 1919-ல். ஸ்மித் அம்மாள் கோஷம் போட்டு ஜெயித்தபோது, பஞ்சாபில் எத்தனையோ பெண்டு பிள்ளைகள் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை, கப்பலிலேயே இல்லை.

இதற்காக அந்த அம்மாளின் தாய்மார் சட்டத்தை நான் சிறியது என்று சொல்ல மாட்டேன். அந்த 42 டாலரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். இரண்டையும் செய்தது ஒரே கைதான். எதை எழுதி எதை விடுவது?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1928-ல் தற்காலிகமாகச் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்தினார். அதுவும் சாம்ராஜ்யத்தில் ஒரு பெண் முதன்முதலாகச் செய்தது. அந்த ஜூலையில் பொதுத் தேர்தல். பத்து வருஷம் ஓட்டுப் போட்ட வான்கூவரை விட்டு எஸ்க்விமால்ட் தொகுதிக்குப் போய் நின்றார். அங்கே பூலி என்ற கன்சர்வேடிவ் கட்சிக்காரர் 1912 முதல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்மித் அம்மாள் தோற்றார். லிபரல் சர்க்காரே கவிழ்ந்தது. புதுச் சபையில் ஒரு பெண்கூட இல்லை. 1929-ல் ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டுக்குக் கானடாவின் பிரதிநிதியாகப் போய் வந்தார். 1933 மே மாதம் வான்கூவரில் காலமானார். அந்த வருஷக் கடைசியில் நடந்த தேர்தலில்தான் அந்தச் சட்டசபைக்கு மறுபடியும் ஒரு பெண் வந்தார்.

சாவி எப்போது கிடைத்தது என்று கேட்பீர்கள். 1952-ல், அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில், டில்லி ரோல்ஸ்டன் அம்மாள் கல்வி மந்திரியானார். கானடாவிலேயே இலாகாவுடன் கூடிய முதல் பெண் மந்திரி. ஐந்தாவது சக்கரம் அச்சில் மாட்டப்பட 31 வருஷம் பிடித்தது.

ஓட்டு? சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் 1947-ல் திரும்ப வந்தது. எஸ்க்விமால்டில் ஸ்மித் அம்மாள் தோற்ற கதையைச் சொன்னேன் அல்லவா? 1986-ல் அந்தப் பக்கத்து மக்கள் மோ சிஹோடா என்ற பஞ்சாபி வம்சத்து வக்கீலைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். கானடாவில் எந்த மாகாணச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய வம்சத்தவர் அவர்தான். 2000-ல் உஜ்ஜல் டோசாஞ்ச் அந்த மாகாணத்தின் பிரதம மந்திரியாகவே வந்துவிட்டார்.

எழுதி முடித்ததை மாமிக்குப் படித்துக் காட்டினேன். மந்திரி, ராஜிநாமா, சபாநாயகர் என்று நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்ததையெல்லாம் மாமி முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் கை நின்றது.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சீனாக்காரப் பையன் என்ன ஆனான்?"

"விட்டுவிட்டார்கள், மாமி. சொன்னேனே."

"விட்டா? அடிபட்ட உடம்போட எங்கே போனான்? ஊர் போய்ச் சேர்ந்தானா?"

1926 மார்ச்சில் சீனாவுக்குக் கப்பல் ஏறினான் என்றேன். மாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவன் அம்மா இருந்தாளோ என்னவோ" என்றாள்.